ஒன்பதுக்கு மாறுவதா

மார்ச் 3, ஞாயிறு

வாரத்தின் முதல் வேலைநாளே கழுத்து வலியோடு விடிந்தது. அலுவலகம் போனதும் மெயில் மென்பொருள் கம்பெனியின் அறிவிப்பு. நாங்கள் வைத்திருக்கும் எட்டாம் பதிப்பை ஏப்ரலோடு கைவிடுகிறார்களாம். அதற்குப் பிறகு எட்டின் பாதுகாப்பில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைத்துத் தரமாட்டார்கள். ஒன்பதுக்கு மாறுங்கள் என்கிறார்கள்.

இயக்குநர் ஷாஹிரிடம் கொண்டுபோனேன். காகிதத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "ருதைனா, கம்ப்யூட்டர் பிரிவுக்கு நீதானே தலைமை? மாறணும்னா மாறு, வேண்டாம்னா விடு. எதுவானாலும் எழுத்துல கொடு" என்றார்.

எழுத்தில் கொடு என்றால், தப்பானால் உன் தலை என்று பொருள். ஸபீல் குடிநீர் நிறுவனத்தில் தலை நரைத்தவளுக்கு அந்த மொழி தெரியும்.

மார்ச் 5, செவ்வாய்

என் கணினியில் ஒன்பதைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. எட்டில் அரபு எழுத்தோடு எண் கலந்தால் வரி முன்பின்னாகப் புரண்டுவிடும். மீட்டர் எண்ணைப் படிக்கவே ஒரு தனித் திறமை வேண்டும். இதில் ஒழுங்காக வருகிறது. சந்தோஷப்பட வேண்டும். எனக்கோ அசதிதான் வருகிறது. மாற்றிய மறுநாள் அலுவலகமே என் வாசலில் நிற்கும்: என் பழைய மெயில் எங்கே, என் படம் எங்கே, அந்தப் பச்சை நிறம் எங்கே.

மார்ச் 6, புதன்

புகார் பிரிவு வஜ்தானின் கணினியிலும் போட்டுப் பார்த்தேன்.

வஜ்தானுக்குக் கல்லூரி நாளிலேயே பார்வை போய்விட்டது. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் ஒன்றை வைத்துக்கொண்டு, இர்பித் நகரம் முழுவதும் எழுதும் தண்ணீர்ப் புகார்களைக் காதால் வாங்கி விரலால் பதில் சொல்கிறாள். அந்தக் குரலை அவள் ஓடவிடும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. தகரத்தில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இருக்கும்.

ஒன்பதைத் திறந்தோம். குரல் சொன்னது: "பொத்தான்." அவள் அடுத்ததற்குப் போனாள். "பொத்தான்." அதற்கடுத்தது. "பொத்தான்."

"இது என்ன, தையல் கடையா?" என்றாள்.

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு இன்னொரு முறை மேலிருந்து கீழ்வரை பொறுமையாகத் தேடினாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"எதுக்கும் பேரு வைக்கலையே. எது எழுதறது, எது அழிக்கறது? குருட்டாம்போக்குல அமுக்கச் சொல்றியா, உம்மு கைஸ்?"

கைஸின் அம்மா என்று மகன் பெயரைச் சேர்த்து அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். பக்கத்தில் அதே பெயரில் இடிந்துபோன ஒரு பழைய ஊர் இருப்பதால் வேண்டுமென்றே கூப்பிடுவாள். "ஊரும் இடிஞ்சு கிடக்கு, நீயும் இடிஞ்சு கிடக்க" என்பாள்.

எட்டைத் திரும்பப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் சர்வரை மாற்றிவிட்டால் எல்லா மேசையும் மாறியாக வேண்டும், அவளுக்கு மட்டும் எட்டை விட்டுவைக்க முடியாது. சரிசெய்யச் சொல்கிறேன் என்றேன். எப்படி என்று தெரியவில்லை.

மார்ச் 11, திங்கள்

தலைநகர் அம்மானிலிருந்து ஸாமிஹ் வந்தான். அந்த மென்பொருளை இந்த நாட்டில் விற்பவன். இறுக்கமான சட்டை, வாசனை. வஜ்தான் விஷயத்தைச் சொன்னேன்.

"மேடம், ஒரு ஆளுக்காகவா?"

"ஒரு ஆள்தான். ஊர்ப் புகார் எல்லாம் அந்த ஒரு ஆள்கிட்டதான் போகுது."

"கம்பெனிக்கு எழுதறேன். அடுத்த திருத்தத்துல பாப்பாங்க. அதுக்காக நீங்க எட்டுலயே உக்காந்திருந்தா... பூட்டில்லாத கதவு மேடம் அது. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

யாரும் யாரையும் சொல்லக் கூடாது. எல்லாருக்கும் அது ஒன்றுதான் வேண்டும்.

மார்ச் 12, செவ்வாய்

மழை. மேல் அலமாரியிலிருந்து வாளி எடுத்தபோது கழுத்து இன்னொரு தரம் பிடித்துக்கொண்டது. கைஸ் ஜெர்மனியிலிருந்து பேசினான் - அவன் அப்பாவோடு.

மார்ச் 19, செவ்வாய்

ஷாஹிர் ஒரு வழி சொன்னார். அவருக்கு எப்போதும் ஒரு வழி இருக்கும்.

"வஜ்தானை டெலிபோன் போர்டுக்கு அனுப்பிடு. காது இருக்கு, வாய் இருக்கு, போதும். நீ ஒன்பதைப் போடு."

"அவ சட்டம் படிச்சவ சார்."

"நான் என்ன பாத்திரமா கழுவச் சொன்னேன்?"

வஜ்தானை வேலைக்கு எடுத்த புதிதில் அந்த டெலிபோன் போர்டில்தான் உட்காரவைத்தார்கள். கண் தெரியாதவர்களுக்கு என்றே ஒதுக்கிய நாற்காலி அது. 'இணைக்கிறேன், காத்திருங்கள்.' நாள் முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லி, மனு மேல் மனு போட்டு, அவள் அங்கிருந்து வெளியே வந்தாள். திரும்ப அங்கேயா?

முடியாது என்றேன். மத்தியானம் எழுத்திலேயே கொடுத்துவிட்டேன்: குறைகள் திருத்தப்படும்வரை எட்டாம் பதிப்பிலேயே தொடர்வது, பொறுப்பு கணினிப் பிரிவு. கையெழுத்து.

வஜ்தானிடம் சொல்லவில்லை. அவளை எதற்குக் கலவரப்படுத்துவது?

வீட்டில் கணவர் அபூ கைஸ் டீ போட்டு வைத்திருந்தார். ராணுவத்திலிருந்து வந்த பிறகு அவருக்கு அது ஒன்றுதான் தினசரிக் கடமை. கேட்டுவிட்டு, "ஊர்க் கூரையெல்லாம் நீதான் முட்டுக் கொடுத்து நிக்கணுமா?" என்றார்.

ஏப்ரல் 8, திங்கள்

கம்பெனியின் பதில் வந்துவிட்டது. 'தங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது.' அவ்வளவுதான்.

ஏப்ரல் 30, செவ்வாய்

இன்றோடு எட்டுக்கு ஆதரவு முடிகிறது. ஒன்றும் நடக்கவில்லை. வானம் இடிந்து விழும் என்றா நினைத்தேன்? எல்லா மெயிலும் வந்தது, போனது. வஜ்தான் என்னைப் பார்த்து - பார்த்து என்றே எழுதுகிறேன், அவள் முகத்தைத் திருப்பும் விதம் அப்படி - "அந்தத் தையல் கடை என்னாச்சு?" என்றாள். "வரும், வரும்" என்றேன்.

மே 7, செவ்வாய்

நோன்பின் இரண்டாம் நாள். அதற்குள் வெயில் கொளுத்துகிறது. தண்ணீர் முறை வாரத்துக்கு ஒரு நாள்தான். அதுவும் மலைமேட்டுத் தெருக்களுக்கு ஏறவில்லை. வஜ்தானுக்கு மெயில் குவிகிறது. நாக்கு ஒட்டிக்கொண்டு எல்லோரும் எரிந்து விழுகிறோம்.

மே 14, செவ்வாய்



நோன்பு திறக்கச் சற்று முன்பு. பருப்பு சூப் அடுப்பில். தெருவில் சளசளவென்று சத்தம். மழையா, மே மாதத்திலா? ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரர் மொட்டை மாடியில் நின்று தொட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டிருக்கிறார். பக்கத்து வீட்டிலும். அதற்கடுத்த வீட்டிலும். ஒரு வாரத் தண்ணீர் சாக்கடையில் ஓடுகிறது. பிள்ளைகள் அதில் செருப்பில்லாமல் குதிக்கிறார்கள்.

"என்னங்க பண்றீங்க?" என்று கத்தினேன்.

"விஷம்மா! தண்ணில விஷம் கலந்திருக்காம். உங்க ஆபீஸ்லேர்ந்துதான் மெயில் வந்திருக்கு. குடிக்காதீங்க, தொட்டியக் காலி பண்ணுங்கன்னு."

என் போனிலும் வந்திருந்தது. புகார் பிரிவின் முகவரி. எங்கள் முத்திரை. வஜ்தானின் பெயர்.

யாரோ எங்கள் மெயிலுக்குள் புகுந்திருக்கிறார்கள். சந்தாதாரர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். எதற்கு? விளையாட்டுக்கா? என்ன கிடைத்தது அவர்களுக்கு?

மறுப்பு அனுப்ப வழியில்லை, புகுந்தவர்கள் மெயிலைப் பூட்டிவிட்டிருந்தார்கள். ஷாஹிர் பள்ளிவாசல்களுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் சொல்ல வைத்தார். பாங்கு சொன்ன வாயே, 'தண்ணீர் நல்ல தண்ணீர், கொட்டாதீர்கள்' என்றும் சொன்னது. அதற்குள் பாதி ஊர் கொட்டிவிட்டது. சூப் அடிப்பிடித்து, வீடெல்லாம் அந்த நாற்றம்.

மே 15, புதன்

காலையிலிருந்து வாசலில் கூட்டம். கைக்குழந்தையோடு ஒரு பெண், கழுவாத பால்புட்டியைக் காவலாளியின் முகத்துக்கு நேரே ஆட்டிக்கொண்டு நின்றாள். லாரித் தண்ணீர்க்காரர்கள் வாய்க்கு வந்த விலை சொல்கிறார்கள்.

உள்ளே ஒரே பேச்சு. வஜ்தான் பேரில்தானே போயிருக்கு. எதையோ தெரியாம அமுக்கியிருப்பா. பாவம், கண்ணு தெரியாதவ.

பதிவுகளைத் தோண்டினேன். அவள் எதையும் அமுக்கவில்லை. யாருமே அமுக்கவில்லை. எட்டில் ஓர் ஓட்டை. இந்த மாதத் தொடக்கத்தில் ஒன்பதுக்கு மட்டும் அடைப்பு வெளியிட்டிருக்கிறார்கள். எட்டில் திறந்தே கிடந்தது. அது வழியாகத்தான்.

அப்படியென்றால் - நான்தான்.

ஷாஹிரிடம் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்தினார். குரல் மிருதுவாகிவிட்டது.

"ஓட்டை, அடைப்பு எல்லாம் யாருக்கு ருதைனா புரியும்? கண்ணு தெரியாத பொண்ணு தப்பா அமுக்கிட்டான்னா கிழவிக்கும் புரியும். அவ மேல யாரும் கோபப்படவும் மாட்டாங்க. இரக்கம்தான் படுவாங்க. விடு. உனக்கும் நல்லது."

"அவளுக்கு?"

"டெலிபோன் போர்டு. அவளை யாரு வெளிய அனுப்பறா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. தலையாட்டினேனா என்றுகூட நினைவில்லை. ஆட்டியிருப்பேன்.

மே 18, சனி

விடுமுறை நாளில் அலுவலகம் போய் ஒன்பதைப் போட்டேன். சுலபமாகப் போய்விட்டது. அதுதான் வயிற்றெரிச்சல். இதற்கா இத்தனை.

மே 19, ஞாயிறு

வஜ்தான் என் அறைக்கு வந்தாள். கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றுகொண்டே பேசினாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மார்ச்லயே எழுதிக் கொடுத்தீங்களாமே, எனக்காக எட்டுலயே இருக்கலாம்னு. டைப்பிஸ்ட் சொன்னா."

நீங்க என்றாள். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"உன்னைத் திரும்பவும் போர்டுக்கு அனுப்பிடுவாங்கன்னுதான்..."

"இப்ப எங்க உக்காந்திருக்கேன்?"

இன்று காலையிலிருந்து டெலிபோன் போர்டில்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா, பொறியாளர் மேடம்? பத்தடி தூரத்துலதானே இருந்தேன். கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா? மாத்துங்க, என் மெஷின்ல முதல்ல போடுங்க, நான் தலைய உடைச்சுக்கறேன்னு சொல்லியிருப்பேன். எது எத்தனாவது பொத்தான்னு மனப்பாடம் பண்ணியிருப்பேன். குர்ஆனையே காதால மனப்பாடம் பண்ணினவ, ஒரு மெயில் பெட்டிய பண்ண மாட்டேனா?"

"வஜ்தான், நான் நல்லதுக்குத்தான் -"

"பாவம்னு வேலை கொடுக்காதவங்களைப் பாத்திருக்கேன். பாவம்னு பொண்ணு கேட்டு வராதவங்களைப் பாத்திருக்கேன். பாவம்னு ஊருத் தண்ணியக் கொட்ட வச்ச ஆளை இப்பதான் பாக்கறேன். அந்த மெயில் என் பேர்ல போச்சு. என் அண்ணன் வீட்டுலயே கொட்டிட்டாங்க. 'உன் பேரைப் பாத்துதான் நம்பினோம்'னு சொல்றான்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நான்தான் மூக்கை உறிஞ்சினேன். அது அவள் காதுக்குத் தப்பியிருக்காது.

கோலை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று சொன்னாள்: "அரசாங்கத்தோட மாற்றுத்திறனாளிகள் மன்றத்துல மனு கொடுக்கப் போறேன். நான் ஓட்ட முடியாத மென்பொருளை வாங்கினதுக்கு, அப்புறம் பழியையும் என் தலையில போட்டதுக்கு. நடந்தது என்னன்னு நீங்க எழுதிக் கொடுப்பீங்களா? மாட்டேன்னா அதுவும் சரி. ஆனா உங்களுக்காக நானா முடிவு பண்ணல பாருங்க. கேட்டேன்."

மே 20, திங்கள்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மே 21, செவ்வாய்

அபூ கைஸிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே தட்டுகளை எடுத்து வைத்தார். பிறகு, "எழுதினா உன்னை எங்கயாவது தூக்கி அடிப்பாங்க" என்றார்.

"தெரியும்."

"எழுதலன்னா?"

"இங்கயே இருப்பேன்."

"இந்த மூஞ்சியோடயா?" என்று கேட்டுவிட்டு நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் கழுவப் போய்விட்டார்.

மே 23, வியாழன்

எழுதிவிட்டேன். ஓட்டை எது, அடைப்பு எப்போது வந்தது, எட்டிலேயே இருக்கலாம் என்று முடிவெடுத்தது யார், அதை வஜ்தானிடம் கேட்காதது யார், மே பதினைந்தாம் தேதி மூடிய கதவுக்குள் இயக்குநர் என்ன சொன்னார், நான் என்ன சொல்லாமல் இருந்தேன் - எல்லாம். மன்றத்துக்கு ஒன்று, ஷாஹிருக்கு ஒன்று. ஒன்பதிலிருந்துதான் அனுப்பினேன்.

பாரம் இறங்கும் என்பார்கள். இறங்கவில்லை. பசியும் கழுத்து வலியும்தான்.

ஜூன் 12, புதன்

பெருநாள் முடிந்து அலுவலகம் திறந்ததிலிருந்து ஷாஹிர் என் ஸலாமுக்குப் பதில் சொல்வதில்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார். மன்றத்திலிருந்து இரண்டு பேர் வந்து வஜ்தானை ஒன்பதின் முன்னால் உட்காரவைத்துப் பார்த்தார்கள். குரல் பொத்தான் பொத்தான் என்றது. அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

ஜூன் 24, திங்கள்

மன்றத்தின் முடிவு வந்திருக்கிறது. வஜ்தான் பேரில் தவறில்லை என்று நிறுவனம் எழுத்தில் அறிவிக்க வேண்டும். மென்பொருளைப் பேசவைக்க வேண்டும். அவளைப் பழைய இடத்தில் அமர்த்த வேண்டும்.

அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். வஜ்தான் அதன் முன் நின்று, போய்வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "எனக்குக் கண்ணு தெரியாதுப்பா, சத்தமா படி" என்றாள். முதலில் பழி சொன்னவர்கள் எல்லோரும் ஒருவர் விடாமல் படித்தார்கள்.

என்னை நிறுத்தவில்லை.

ஜூன் 27, வியாழன்

இடமாற்ற உத்தரவு. ரம்தா கிளை. 'நிர்வாகக் காரணம்.' ரம்தா எல்லை ஊர். கிளை என்பது மீட்டர் படிப்பவர்கள் உட்காரும் ஒரு பழைய கட்டடம். மெயில் சர்வர் கிடையாது. என் வேலை என்ன என்று உத்தரவிலும் இல்லை.

ஸாமிஹ் இந்த வாரம் முழுவதும் வஜ்தான் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறான். சட்டைக் கையை மடித்துவிட்டு, வேர்த்துப்போய். இன்று என்னிடம் வந்து, "மேடம், வேற ஆபீஸ்கள்லயும் இப்படி ஆளுங்க இருக்காங்களாம். ஒவ்வொருத்தரா எழுதறாங்க. கம்பெனியே இப்ப எல்லா நாட்டுக்கும் இந்தத் திருத்தத்தைப் போடப் போறாங்க" என்றான். சரி என்றேன்.

மேசையைக் காலி செய்தேன். ஒரு பைக்குள் அடங்கிவிட்டது.

புகார் பிரிவின் கதவு திறந்திருந்தது. வாசல்வரை போனேன். அவள் ஸாமிஹை ஏதோ திட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிவிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

ரம்தா. மின்விசிறி கிரீச்சிடுகிறது. மீட்டர்காரர்கள் நல்ல பிள்ளைகள்; என்னை என்ன செய்வது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. காலையில் எள் ரொட்டியும் ஃபலாஃபெலும் வாங்கிவந்து முதலில் எனக்கு நீட்டுகிறார்கள். வெகுநாளைக்குப் பிறகு பகலில் தூக்கம் வந்தது.

ஜூலை 22, திங்கள்

குடிநீர் நிறுவனத்தின் கிளையில் குழாயில் தண்ணீர் இல்லை. போன வாரத்திலிருந்து. முறை நாள் வந்தது, போனது. தெருவுக்கே வந்தது, எங்களுக்கு வரவில்லை. கைகழுவ எதிர்க்கடைக்குப் போகிறோம், கடைக்காரர் எங்கள் அடையாள அட்டையைப் பார்த்துச் சிரிக்கிறார். இயக்குநர் அலுவலகத்துக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை.

வேறு வழியில்லாமல், எல்லாரையும்போல புகார் பிரிவுக்கு ஒரு மெயில் எழுதினேன். பெயர், கட்டடம், மீட்டர் எண். வேறெதுவும் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது என்று யோசித்துவிட்டுத்தான் விட்டேன்.

மத்தியானத்துக்குள் பதில் வந்தது.

'மதிப்பிற்குரிய சந்தாதாரருக்கு, தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. தங்கள் தெருவுக்குக் கடந்த வியாழனன்று முழு அழுத்தத்தில் நீர் விடப்பட்டது. அதே தெருவிலிருந்து வேறு புகார் இல்லை. மொட்டை மாடிக்கு ஏறித் தங்கள் தொட்டியின் வால்வைப் பார்த்தீர்களா? பார்வை உள்ளவர்கள் பொதுவாகப் பார்ப்பதில்லை. - வஜ்தான், புகார் பிரிவு.'

அதன்கீழே, பதிப்பு ஒன்பதிலிருந்து அனுப்பப்பட்டது என்று மென்பொருள் தானாகச் சேர்க்கும் வரி.

ஏறிப் போய்ப் பார்த்தேன். மூடித்தான் கிடந்தது.